பார்த்து வரைவது திருட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்தவர் ஓவியத்தைப் பார்த்து வரைவது கற்பனையைக் கொன்றுவிடும் என்று ஞாயிறு மலரில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நெடுஞ்சாலைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தைல வண்ணம் பழகிவரும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

நான் பார்த்து வரைவது, ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1824-25இல் தீட்டிய 'வாட்ஸ்மன்' என்ற ஆல்ப்ஸ் மலை ஓவியம். மூலம் பெர்லினில் இருக்கிறது. அந்த மலையை ஃப்ரீட்ரிக் நேரில் பார்த்ததே இல்லை. தம் மாணவர் ஆகஸ்ட் ஹைன்ரிக்கின் நீர்வண்ணப் படத்தை வைத்துத்தான் தீட்டினார். முன்னால் நிற்கும் பாறையோ வேறொரு மலைத்தொடரான ஹார்ட்ஸில் வரைந்து வைத்திருந்தது. அவருக்குக் கற்பனை இல்லை என்பாரா அந்த வாசகர்?

பனி வெள்ளை என்று நினைப்பவர்கள் அந்தச் சிகரத்தை வரைந்து பார்க்கட்டும். நிழல் பக்கத்துக்கு அல்ட்ராமரின் நீலமும் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் சேர்த்த சாம்பல். வெயில் பக்கத்துக்கு மஞ்சள் காவி கலந்த வெள்ளை. கலக்காத வெள்ளை ஊசிமுனை அளவு போதும். அடிப்பூச்சில் டர்பன்டைன், மேலே போகப் போக ஆளி விதை எண்ணெய் கூடுதல்; வரிசை மாறினால் காய்ந்தபின் வண்ணம் விரிசல் விடும். கை பழகாமல் கற்பனை மட்டும் என்ன செய்யும்?

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலேயே அனுமதி பெற்றுப் பார்த்து வரையலாம். மூலத்தின் அளவில் மட்டும் வரையக் கூடாது.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓவியங்களை அச்சிடும்போது அளவையும் குறிப்பிடுங்கள். 'வாட்ஸ்மன்' ஏறத்தாழ ஐந்தரை அடி அகலம். உள்ளங்கை அகலப் படத்தைப் பார்த்து அதை யார் ஊகிக்க முடியும்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைவாளர், திருநெல்வேலி