சின்னம் காருடையது, பை யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பொருள் ஏற்றுமதி நிறுவனங்களில் 31 ஆண்டுகள் தரப் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போலிப் பொருள்கள் பறிமுதல் செய்யப்படும் செய்திகள் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வருகின்றன. போலியே அல்லாத, உரிமம் பெற்று முறையாக ரசீதுடன் விற்கப்படுகிற, ஆனாலும் போலியைவிட மேலானது என்று சொல்லத் தயங்க வேண்டியிருக்கிற ஒரு சரக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று சில மாதங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடம்பரக் கார் நிறுவனங்களின் சின்னத்தைத் தாங்கி வரும் பை, பெல்ட், பர்ஸ் முதலியவற்றைத்தான் சொல்கிறேன்.

கடந்த ஆண்டு பொங்கலுக்கு என் மாப்பிள்ளை சென்னையில் ஒரு பேரங்காடியில் 12,000 ரூபாய் கொடுத்து அலுவலகப் பை ஒன்றை எனக்கு வாங்கி வந்தார். உலகமே அறிந்த ஓர் ஐரோப்பியக் கார் நிறுவனத்தின் சின்னம் அதன் முகப்பில் இருந்தது. ஓய்வு பெற்றவனுக்கு அலுவலகப் பை எதற்கு என்பது வேறு விஷயம். கையில் வாங்கியவுடனேயே விரல் நுனி எனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது. ஆசையோடு கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். 14ஆம் மாதத்தில் கைப்பிடி சேரும் இடத்தில் மேற்பூச்சு வெடித்தது. அடுத்த சில வாரங்களில் பாம்பு சட்டை உரிப்பதுபோல உரிந்து, உள்ளே இருந்த பின்னல் துணி வெளியே தெரிந்தது.

உரிந்த துணுக்கு ஒன்றை எடுத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். தோலாக இருந்தால் முடி கருகும் வாடை வரும். இதுவோ உருகிச் சுருண்டு பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. ஊர் வழக்கில் ரெக்சின் என்போம்; தொழிலில் பி.யூ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலியூரித்தேன் பூசிய துணி. அந்தப் பை முழுவதிலும் உண்மையான தோல் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: சின்னத்தை அழுத்திப் பதித்திருந்த, தீப்பெட்டி அளவிலான துண்டு. அதுவும் மேலடுக்கைச் சீவி எடுத்தபின் மிஞ்சுகிற, நாங்கள் ஸ்ப்ளிட் என்று சொல்கிற அடித்தோல். பையில் தொங்கவிட்டிருந்த அட்டையில் ‘அசல் தோல்’ என்ற சொற்கள் இடம்பெற்றது அந்தத் துண்டின் தயவால்தான். வாங்கியவரிடம் முழுப் பொய் சொல்லப்படவில்லை. எந்த இடம் தோல் என்பது மட்டும் சொல்லப்படவில்லை.

கடைக்காரரிடம் போனேன். உத்தரவாதக் காலம் 6 மாதம்தான் என்றார். அட்டையில் இருந்த இறக்குமதியாளருக்கு எழுதினேன்; தாங்கள் தயாரிப்பாளர் இல்லை என்றும், வெளிநாட்டில் உள்ள உரிமதாரரிடம் கேட்கும்படியும் பதில் வந்தது. அந்த உரிமதாரரிடமிருந்து பதிலே இல்லை. கடைசியாக அந்தக் கார் நிறுவனத்தின் விற்பனையகத்துக்கே நேரில் போனேன். அங்கிருந்தவர்கள் மிகவும் மரியாதையாக நடத்தினார்கள், குடிக்கக் காப்பியும் கொடுத்தார்கள். ஆனால் தாங்கள் கார் மட்டுமே விற்பதாகவும், பைக்கும் தங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றும் கூறிவிட்டார்கள். அவர்கள் தலைக்கு மேலே சுவரில் இருந்ததும், என் மடியில் உரிந்து கிடந்த பையில் இருந்ததும் ஒரே சின்னம்.

இந்தச் சரக்கு எப்படி உருவாகிறது என்பதைத் தொழிலுக்கு உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் சிலவற்றைச் சொல்ல முடியும். கார் நிறுவனம் பை தைப்பதில்லை. தன் சின்னத்தைக் குறிப்பிட்ட வகைப் பொருள்களில், குறிப்பிட்ட நாடுகளில், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பயன்படுத்தும் உரிமையை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. அந்த உரிமதாரர் விற்பனையில் ஒரு பங்கை உரிமத் தொகையாகச் செலுத்துகிறார். விற்றாலும் விற்காவிட்டாலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு தொகைக்கும் பெரும்பாலும் கையெழுத்திடுகிறார். அவரும் பெரும்பாலும் பை தைப்பதில்லை. எந்த நாட்டில் கூலி மலிவோ அங்குள்ள தொழிற்சாலைக்கு வேலையைக் கொடுக்கிறார். உரிமத் தொகை, உரிமதாரரின் லாபம், இறக்குமதியாளரின் லாபம், பேரங்காடிக் கடையின் வாடகை எல்லாம் போக மிஞ்சுவதில்தான் மூலப்பொருள் வாங்க வேண்டும். மற்ற எதிலும் கை வைக்க முடியாது என்பதால், குறைப்பு எப்போதும் தோலின் தலையில்தான் விழும்.

கார் நிறுவனங்கள் எதையுமே பார்ப்பதில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. ஒரு மாதிரிப் பையை அவர்கள் பார்த்து ஒப்புதல் தருவது உண்டு; அதை எங்கள் தொழிலில் சீல் சாம்பிள் என்போம். ஆனால் அந்த ஒப்புதலில் கறாராகப் பார்க்கப்படுவது எது என்பதைக் கவனிக்க வேண்டும். சின்னத்தின் நிறம் சற்றே மாறினாலும், அது விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் சரக்கு திரும்பி வரும்; நானே அப்படித் திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்து மீண்டும் எண்ணியிருக்கிறேன். ஆனால் கைப்பிடியை எத்தனை ஆயிரம் முறை இழுத்துப் பார்த்தீர்கள், ஜிப்பை எத்தனை முறை திறந்து மூடினீர்கள் என்று அதே கறாருடன் சின்னத்தின் சொந்தக்காரர் கேட்டதாக என் அனுபவத்தில் இல்லை. சின்னத்தைக் காப்பாற்றுகிறார்கள், அது ஒட்டியிருக்கும் பொருளைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

பாலியூரித்தேன் என்றாலே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் பல தரங்கள் உண்டு. மலிவான வகை காற்றில் உள்ள ஈரத்தாலும் வெப்பத்தாலும் மெல்ல மெல்லச் சிதைந்துபோகும். அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த காலணியை ஒருநாள் எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்த அனுபவம் பலருக்கும் இருக்கும், அதற்கும் காரணம் இதுவே. இதை முன்கூட்டியே அறிய 70 டிகிரி வெப்பத்திலும் 95 விழுக்காடு ஈரப்பதத்திலும் பொருளை வாரக்கணக்கில் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. காட்டு வெக்கையை ஒத்திருப்பதால் அதை ஜங்கிள் டெஸ்ட் என்று சொல்வார்கள். குளிர்நாட்டுக் கடைக்காகத் திட்டமிட்ட பையைச் சென்னையின் கடற்கரைக் காற்றில் கொண்டுவந்து விற்பவர், அந்தச் சோதனையில் அது எத்தனை வாரம் தாங்கியது என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். இந்தச் சிதைவு வாங்கிய நாளில் தொடங்குவதில்லை, தயாரித்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே கிடங்கில் 2 ஆண்டுகள் கிடந்து தள்ளுபடி விலைக்கு வரும் பை, நம் கைக்கு வரும்போதே முதுமை அடைந்திருக்கும்.

வாங்குபவர் மனத்தில் ஓடுவது வேறு கணக்கு. ரோல்ஸ் ராய்ஸ் காரின் இருக்கைக்கு, முள்கம்பி வேலி இல்லாத, பூச்சிக்கடி குறைந்த உயர்ந்த மேய்ச்சல் நிலங்களில் வளர்ந்த காளைகளின் தோலையே தேர்ந்தெடுப்பார்கள் என்பது எங்கள் தொழிலில் காலங்காலமாகச் சொல்லப்படும் செய்தி. பசுவின் தோலில் கருவுற்ற தழும்பு விழும் என்பதால்தான் காளை. இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த மனம், காரை வாங்க முடியாவிட்டாலும் அதன் கவனத்தில் ஒரு சிறு பங்கையாவது பை வடிவில் வாங்குவதாக நினைத்துக்கொள்கிறது. கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்த நினைப்புக்கான விலைதான்.

ஒரே சின்னம் எத்தனை தளங்களில் இருக்க முடியும் என்பதற்குக் கைக்கடிகாரமே சாட்சி. ஃபெராரியின் குதிரை, 2011இல் தொடங்கிய கூட்டின்படி லட்சக்கணக்கில் விலையுள்ள ஹூப்ளோ கடிகாரங்களிலும், 2012இல் செய்துகொண்ட உரிம ஒப்பந்தத்தின்படி மொவாடோ குழுமத்தின் சில ஆயிரம் ரூபாய்க் கடிகாரங்களிலும் ஏககாலத்தில் இருந்தது. அந்தந்த விலைக்கு அந்தந்தக் கடிகாரம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எது எந்தத் தளத்தைச் சேர்ந்தது என்பதைக் குதிரை மட்டும் சொல்லாது. லம்போர்கினியின் கதை இன்னும் சிக்கலானது. கார் தயாரிக்கும் நிறுவனம் 1998 முதல் ஆடி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நிறுவனர் ஃபெருச்சியோவின் மகன் டோனினோ 1981இல் தொடங்கியதோ தனி நிறுவனம். அதுவும் குடும்பப் பெயரோடும் காளைச் சின்னத்தோடும் கடிகாரம், கைப்பேசி, பானம் என்று பலவற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறது. கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டு காளைகளையும் பிரித்தறிய வழியே இல்லை.

இந்த வியாபாரம் தங்கள் பெயரையே அரிக்கிறது என்பதைக் கார் நிறுவனங்களும் உணராமல் இல்லை. 2019 நவம்பரில் ஃபெராரி நிறுவனம், தன் உரிம ஒப்பந்தங்களில் சுமார் பாதியைக் கைவிடப்போவதாகவும், சின்னம் பொறித்த பொருள் வகைகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை நீக்கப்போவதாகவும் அறிவித்தது. 2021இல் மரனெல்லோவில் உள்ள தன் தொழிற்சாலையிலேயே சொந்த ஆடை வரிசையை அறிமுகப்படுத்தியது. பாதியைக் கைவிடலாம் என்று சொந்தக்காரரே முடிவு செய்ததிலிருந்து, அதுவரை அந்தப் பாதியைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். கடைக்காரரும் இறக்குமதியாளரும் கார் விற்பனையகத்தாரும் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டியபோது எனக்குத் தெரியாத ஒன்றைப் பிறகு ஒரு வழக்கறிஞர் எடுத்துக் காட்டினார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(24), ‘உற்பத்தியாளர்’ யார் என்று விளக்கும்போது, பொருளைச் செய்பவரையும் பாகங்களைச் சேர்த்துப் பொருத்துபவரையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிறர் செய்த பொருளின் மீது தன் சின்னத்தை இடுபவரையும், இடச் செய்பவரையும் சேர்த்தே உற்பத்தியாளர் என்கிறது. உரிமத் தொகை வாங்கிக்கொண்டு சின்னத்தை இடச் செய்பவர் இந்த வரையறைக்கு வெளியே எப்படி நிற்க முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனால் குறைபாடுள்ள பொருளுக்காக வழக்குத் தொடுப்போர் பெரும்பாலும் கடைக்காரரை மட்டுமே எதிர்தரப்பாகச் சேர்க்கிறார்கள். சின்னத்தின் சொந்தக்காரர் பெயர் மனுவிலேயே இடம்பெறுவதில்லை.

வணிகச் சின்னங்கள் சட்டத்திலும் ஒரு கதவு இருக்கிறது, பாதி திறந்தபடி. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 50, சின்னத்தைப் பயன்படுத்துவோராகப் பதிவு பெற்றவர், ஒப்பந்தத்தில் உள்ள தர நிபந்தனைகளைக் கடைப்பிடிக்காவிட்டால் பதிவாளர் அந்தப் பதிவை நீக்க இடமளிக்கிறது. அப்படிப் பதிவு செய்துகொள்வதே கட்டாயமில்லை என்பதால், பதியாமலேயே எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் வியாபாரம் செய்வோரை இந்தப் பிரிவு தொடுவதில்லை. உரிமத்தின் பேரில் பொது மக்களுக்கு விற்கப்படும் பொருள்களுக்காவது இந்தப் பதிவைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

இரண்டாவது, அட்டையைப் பற்றியது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை ஆகியவற்றை அச்சிட வேண்டும். இவற்றோடு, சின்னத்துக்கு உரிமம் வழங்கிய நிறுவனத்தின் பெயரும் புகார் முகவரியும், பையின் எந்தப் பகுதி தோல், எது பூச்சுத் துணி என்ற விவரமும் வாசிக்கக்கூடிய அளவு எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு துண்டுத் தோலைக் காட்டி முழுப் பையையும் தோல் என்று எண்ண வைப்பதைத் தவறான விளம்பரமாகக் கருதி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானே விசாரணையில் இறங்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடம்பரக் கார்களின் உருவத்தில் குழந்தைகள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரிக் கார்கள் இப்போது எல்லா ஊர்களிலும் கிடைக்கின்றன. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கார் சின்னத்துக்கு முன்னால் அந்த முத்திரையைத் தேடுங்கள். குழந்தையின் காலுக்குக் கீழே மின்கலம் இருக்கிறது.

என் பையைக் குப்பையில் போட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் அதை உரிந்த துணுக்குகளோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்திருக்கிறேன். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை. வழக்கை நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கே அதை அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மனுவில் கடைக்காரர் மூன்றாம் எதிர்தரப்பு, இறக்குமதியாளர் இரண்டாம் எதிர்தரப்பு. முதல் எதிர்தரப்பாகக் கார் நிறுவனத்தின் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தரப் பரிசோதகர்,
ஆம்பூர்.