வாடகை ஒப்பந்தப் பதிவு: பொறுப்பு வீட்டு உரிமையாளருடையதாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகை ஒப்பந்தத்தை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பதிவு செய்யலாம் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. செய்யலாம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யார் செய்ய வேண்டும், செய்யாமல் விட்டால் யாருக்கு நஷ்டம் என்பதை யாரும் பேசுவதில்லை. சென்னையில் பல வருஷமாக வாடகை வீட்டிலேயே காலம் தள்ளுகிறவன் நான், அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பம். "அக்ரிமென்ட் ரிஜிஸ்டர் பண்ணிட்டீங்களா?" என்று பத்துப் பேரைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஆமாம் என்பார்கள். விசாரித்தால் ஒருவர் பத்திரத்தாளில் டைப் அடித்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டதைச் சொல்வார், இன்னொருவர் நோட்டரியிடம் முத்திரை வாங்கியதைச் சொல்வார், வேறொருவர் வாடகைக்கு வருபவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்ததைப் பதிவு என்று நினைத்துக்கொண்டிருப்பார். இதில் எதுவுமே பதிவு இல்லை. பதிவு என்று இரண்டுதான் இருக்கிறது. ஒன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது, 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் கட்டாயம், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும். அதிலிருந்து தப்பிக்கத்தான் ஊர் முழுக்க 11 மாத ஒப்பந்தம் என்ற வழக்கமே வந்தது. இன்னொன்று வாடகை அதிகாரியிடம் செய்கிற பதிவு. இணையத்தில் செய்யலாம் என்பது இந்த இரண்டாவதைத்தான்.

இதற்கு அடிப்படை 2017-இல் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய சட்டம், நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்துவது. பெயரே மூச்சு முட்டுகிறது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இதைக் கொண்டுவந்தார்கள், 22 பிப்ரவரி 2019-இல் அமலுக்கு வந்தது. பழைய சட்டத்தில் நியாய வாடகை என்று ஒன்றை நீதிமன்றம் நிர்ணயிக்கும், வழக்கு வருஷக்கணக்கில் ஓடும், வீட்டுக்காரர்கள் பயந்துபோய் வீட்டைப் பூட்டியே போட்டு வைப்பார்கள் என்றெல்லாம் சொல்லி, புதிய சட்டத்தில் வாடகையை இரண்டு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியது பதிவாக வேண்டும் என்றார்கள். இங்கே 11 மாதம், 12 மாதம் என்ற கணக்கே கிடையாது. ஆறு மாதத்துக்கு வீடு எடுத்தாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், பதிவும் வேண்டும். 11 மாதம் என்று போட்டுவிட்டால் எதுவும் தேவையில்லை என்று புரோக்கர்களும் டைப்பிங் கடைக்காரர்களும் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நாமும் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம்.

டெனன்சி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளம் இதற்காகவே இருக்கிறது. சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். வீட்டு உரிமையாளர் பெயர், முகவரி, வாடகைக்கு வருபவர் பெயர், முகவரி, எந்த வீடு, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு வாடகை, மின்சாரம் தண்ணீர் போன்றவற்றுக்குத் தனியாக எவ்வளவு, வீட்டோடு கொடுக்கிற சாமான்கள் என்னென்ன, எத்தனை காலத்துக்கு என்று எல்லாம் கேட்கும். இரண்டு பேருடைய பான், ஆதார் விவரங்களும் வேண்டும், ஒப்பந்தத்தையும் இணைக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் வாடகை அதிகாரி. அவர் பரிசீலித்துப் பதிவு எண் கொடுப்பார். கல்லூரி விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த யாரும் இதைச் செய்துவிடலாம், அதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

சிக்கல் அந்த பான் எண்ணில் இருக்கிறது. உரிமையாளர், வாடகைதாரர் இருவரில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் தாராளமாகச் சொல்லிவிட்டது. உரிமையாளரின் பானும் ஆதாரும் கையெழுத்தும் இல்லாமல் வாடகைதாரர் எதை வைத்து விண்ணப்பிப்பது? நான் என் வீட்டுக்காரரிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். மனிதர் நல்லவர்தான், தண்ணீர் லாரி வந்தால் எங்களுக்கும் சேர்த்துச் சொல்லி வைக்கிறவர். "அதெல்லாம் எதுக்குப்பா, நமக்குள்ள என்ன, நம்பிக்கை இல்லையா?" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? அழுத்திக் கேட்டால் அடுத்த மாதமே "பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்" என்று வரும். வீடு தேடி அலைந்து, எத்தனை பேர், என்ன சாப்பிடுவீர்கள், என்ன ஆட்கள் என்று எல்லா நேர்முகத் தேர்விலும் தேறி ஒரு வீட்டைப் பிடித்த குடும்பம் ஒரு பதிவு எண்ணுக்காக அதைப் பணயம் வைக்குமா? வைக்காது. நானும் வைக்கவில்லை.

உரிமையாளர்களின் தயக்கமும் எனக்குப் புரிகிறது. பதிவு செய்தால் வருமான வரித் துறைக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் முக்கியம், மற்றதெல்லாம் சாக்கு. வாடகை வருமானத்தில் மாநகராட்சிக்குக் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை எந்த ரசீதும் காட்டாமலே கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் கொடுக்கிறது. அது தெரிந்தவர்கள் குறைவு. அதோடு வீட்டு வாடகைப்படிக்கு (எச்.ஆர்.ஏ.) வரிக் கழிவு கோருகிற மாதச் சம்பளக்காரர் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்தால் உரிமையாளரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும், ஆக பல வீடுகளில் அந்த விவரம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துதான் இருக்கிறது. போய்ச் சேராத வீடுகளில் நடப்பதும் ஊருக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் ஒரு வாடகை, கையில் ஒரு வாடகை. பான் கேட்டால் மாதம் இரண்டாயிரம் கூட்டிக் கொடு என்பார்கள்.

சரி, பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகிவிடும்? வாடகைதாரருக்குத்தான் நிறைய ஆகும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே, வீட்டைத் திரும்பக் கேட்பதற்கான ஒரு காரணமாக இந்தச் சட்டம் வைத்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள். ஒப்பந்தம் வேண்டாம் என்றவர் வீட்டுக்காரர், அதனால் பலன் கிடைப்பதும் அவருக்கே. பதிவாக வேண்டிய ஒப்பந்தம் பதிவாகாமல் இருந்தால் அதை ஆதாரமாக ஏற்பதற்கும் தடை வைத்துத் திருத்தம் கொண்டுவந்தார்கள். முன்பணமாக மூன்று மாத வாடகை என்று சட்டம் பேசுகிறது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்த தலைமுறை நாங்கள், மூன்று மாதம் என்பதைப் படித்தாலே சிரிப்பு வருகிறது. அந்தப் பணத்தில் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது எழுதாத விதி. கொடுத்த அட்வான்ஸுக்கு ரசீதும் கிடையாது, பதிவும் கிடையாது என்றால் எந்த வாடகை நீதிமன்றத்தில் போய் எதைக் காட்டுவது?

பெயிண்டிங் என்றதும் ஞாபகம் வருகிறது, அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? எந்தப் பழுதை யார் சரி செய்ய வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, தேவைப்பட்டால் பைப் லைனை மாற்றுவது, உள்ளேயும் வெளியேயும் வயரிங்கைப் பராமரிப்பது, கட்டடத்தின் பெரிய பழுதுகள் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. டேப்பின் வாஷர், டேப், சாக்கடை அடைப்பு, கழிவறை, வாஷ் பேசின், கீசர், சுவிட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசு வலை இதெல்லாம் வாடகைதாரர் பொறுப்பு. நியாயமான பங்கீடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. டைப்பிங் கடையில் கம்ப்யூட்டரில் எப்போதோ சேமித்து வைத்த பழைய மாதிரியில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி அச்செடுத்துக் கொடுக்கிறார்கள். காலி செய்யும்போது வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும் என்ற வரி அதில் நாலாவது பக்கத்தில் இருந்துகொண்டே இருக்கும், நாமும் சாவி கிடைத்தால் போதும் என்று கையெழுத்துப் போடுவோம்.

மகாராஷ்டிரத்தில் இதை வேறு விதமாகக் கையாண்டிருக்கிறார்கள். அங்கே 1999-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 55-ஆவது பிரிவு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும், பதிவு செய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. அவர் செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமே கூட விதிக்கலாம். சிறை அபராதமெல்லாம் எவ்வளவு தூரம் நடக்கும் என்பது வேறு கதை. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று அதே பிரிவில் இருக்கிறது. பதிவான ஒப்பந்தம் இல்லையென்றால், எந்த நிபந்தனையில் வீடு கொடுக்கப்பட்டது என்பதில் வாடகைதாரர் சொல்வதே சரி என்று எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது உரிமையாளர். அவ்வளவுதான், உரிமையாளர் தானாகவே ஓடி வந்து பதிவு செய்வார். மும்பையிலும் புனேயிலும் ஏஜென்ட் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வந்து இணையத்தில் பதிவு முடித்துக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது என்றால் அதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம். அங்கே இருக்கும் தளம் நம்முடையதைவிட அழகானது என்பதற்காக யாரும் பதிவு செய்வதில்லை.

நம் ஊரில் இரண்டு பேரும் செய்யலாம் என்று சொல்லப்போய் கடைசியில் யாருமே செய்வதில்லை. ஆகவே என் கோரிக்கை, சட்டத்தைத் திருத்திப் பதிவுப் பொறுப்பை வெளிப்படையாக உரிமையாளர் மேல் வையுங்கள், மகாராஷ்டிரத்து வரியை அப்படியே எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. திருத்தம் வரும் வரைக்கும் ஒன்று செய்யலாம். வாடகைதாரர் தன் பக்கத்து விவரங்களையும் வங்கி வழியாக வாடகை, அட்வான்ஸ் கொடுத்த ஆதாரத்தையும் மட்டும் ஏற்றினாலே தற்காலிகப் பதிவு எண் கொடுத்துவிட்டு, உரிமையாளருக்கு அதிகாரியே நோட்டீஸ் அனுப்பி மீதி விவரங்களைக் கேட்கலாம். கேட்பது அரசாங்கம் என்றால் "நம்பிக்கை இல்லையா" என்ற வசனம் வராது.

சிலர் வேறு யோசனை சொல்கிறார்கள். கேஸ் இணைப்பு, பாஸ்போர்ட், பள்ளிக்கூடச் சேர்க்கை என்று வாடகை ஒப்பந்தம் கேட்கிற இடங்களிலெல்லாம் பதிவு எண்ணையும் கட்டாயம் கேட்டால் எல்லோரும் பதிவு செய்துவிடுவார்கள் என்று. தயவுசெய்து வேண்டாம். அந்த வரிசையில் நிற்பதும் வாடகைதாரர்தான். பதிவுக்கு மறுத்தவர் மாடியில் உட்கார்ந்திருக்க, கீழ் வீட்டுக்காரர் சிலிண்டர் இல்லாமல் திண்டாடுவார். கேட்க வேண்டுமென்றால் அரையாண்டு சொத்து வரி கட்டும்போது உரிமையாளரிடம் கேளுங்கள், வீட்டில் குடியிருப்பது நீங்களா வாடகைதாரரா, வாடகைதாரர் என்றால் பதிவு எண் என்ன என்று.

அப்புறம் லீஸ் வீடு பற்றியும் ஒரு வார்த்தை. மாத வாடகை கிடையாது, மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருஷம் இருக்கலாம், போகும்போது பணம் திரும்ப வரும் என்கிற ஏற்பாடு. இதற்கும் அதே டைப்பிங் கடைப் பத்திரத்தை வைத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்கிறார்கள், வயிறு கலங்குகிறது. அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று பார்க்க அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதில்லை, பதிவுத் துறையின் தளத்திலேயே பார்க்கலாம். முறைப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமல் அப்படிப்பட்ட பணத்தைக் கொடுக்கவே கூடாது, உரிமையாளர் சொந்தக்காரராகவே இருந்தாலும்.

கடைசியாக உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். நான் சொன்ன அந்த இரண்டாவது அட்டவணையைத் தெளிவான தமிழில் அரைப் பக்கத்துக்குப் போடுங்கள், பக்கத்திலேயே ஒரு நல்ல மாதிரி ஒப்பந்தமும் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பதிப்பில் வந்தால் நல்லது, வீட்டுக்காரர்களும் அன்றைக்குத்தான் பேப்பரை முழுசாகப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாடகைதாரர்,
சென்னை.