டிராவல் நர்ஸ் வேலையும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் நீண்ட கடிதம் கிடைத்தது. மகன் கல்லூரிக்குப் போய்விட்டான் என்பதும், வீட்டுக்காரருக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது என்பதும் மகிழ்ச்சியான செய்திகள். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அரிசோனாவில் இதயநோய்ப் பிரிவில் நர்ஸ் பிராக்டிஷனராக, அதாவது நோயறிந்து மருந்து எழுதும் உயர்நிலைச் செவிலியராகச் சேர்ந்த பிறகு, ஏஜென்சியின் குறுகிய கால ஒப்பந்தங்களில் ஊர் ஊராகச் சுற்றும் டிராவல் நர்ஸின் பழைய மூட்டை முடிச்சு வாழ்க்கை ஒருவழியாக முடிந்துவிட்டது. இப்போது வீட்டில் துணி மடித்து வைக்க அலமாரி இருப்பதே எனக்குப் பெரிய வசதியாகத் தோன்றுகிறது.

நீ கேட்டிருப்பது இதுதான்: ஹூஸ்டனில் உள்ள நிரந்தர வேலையை விட்டுவிட்டு, டிராவல் நர்ஸாகக் கலிபோர்னியாவுக்குப் போய்ப் பணம் சேர்த்துக்கொண்டே, இணையவழியில் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பையும் முடித்துவிட முடியுமா? பாதிவரை முடியும் என்பதே என் பதில். பாடங்களைப் பயணத்திலேயே படிக்கலாம். நோயாளிகளிடம் பயிற்சி எடுக்கும் காலம் வந்ததும் ஓரிடத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். பதின்மூன்று வாரத்துக்கு ஒரு முறை இடம் மாறினால்தான் டிராவல் வேலை ஓடும், ஆனால் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியோ ஒரு மாநிலத்தின் சட்டத்தோடும், ஒரு கிளினிக்கோடும், பயிற்சியை மேற்பார்க்கும் ஒரு பிரிசெப்டரோடும் கட்டப்பட்டது. ஆகவே எந்த ஏஜென்சி, எந்தக் கல்லூரி என்று தேடுவதற்கு முன், படிப்பு முடிந்து எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறாய் என்பதை முடிவு செய். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் உரிமத்தைப் பார்ப்போம். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய காம்பாக்டில், அதாவது ஒரு மாநிலத்தின் செவிலியர் உரிமத்தை மற்ற மாநிலங்களும் ஏற்கும் உடன்படிக்கையில், இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இருக்கின்றன. டெக்சஸ் அதில் உண்டு என்பதால், உன்னிடம் இருப்பது பலமாநில உரிமமாக இருந்தால், அரிசோனாவிலோ நியூ மெக்சிகோவிலோ வேறு உரிமம் இல்லாமலே வேலை செய்யலாம். ஆனால் நீ போக நினைக்கும் கலிபோர்னியா காம்பாக்டில் இல்லை. தனியே விண்ணப்பித்து, கைரேகை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். நம்மைப்போல் இந்தியாவில் படித்தவர்களின் பாடப் பட்டியலைக் கலிபோர்னியா வாரியம் துருவித் துருவிப் பார்க்கும். மகப்பேறு, மனநலம் போன்ற பாடங்களில் வகுப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்தனவா என்றுகூடக் கேட்கும். கல்லூரியிலிருந்து அந்த ஆவணங்கள் வந்து சேர எவ்வளவு நாளாகும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றையும் மறந்துவிடாதே: பலமாநில உரிமம் உன் நிரந்தர வசிப்பிடத்தைச் சார்ந்தது. வேறொரு காம்பாக்ட் மாநிலத்துக்கு நிரந்தரமாகக் குடியேறினால், அறுபது நாட்களுக்குள் அங்கே புதிய உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

சம்பளத்தைப் பற்றி ரெக்ரூட்டர் (ஏஜென்சிக்காக ஆள் சேர்ப்பவர்) சொல்லும் வாரத் தொகையைக் கேட்டு மயங்கிவிடாதே. அந்தத் தொகை இரண்டு துண்டுகளால் ஆனது: வரிக்கு உட்பட்ட மணிக்கூலி ஒன்று, தங்குவதற்கும் உணவுக்குமான வரியில்லாப் படி மற்றொன்று. ஓர் உதாரணக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். மணிக்கு 25 டாலர் வீதம் 36 மணி நேரத்துக்கு 900 டாலர். படி 1,300 டாலர். ஆக வாரத்துக்கு 2,200 டாலர். சராசரியாக மணிக்கு 61 டாலர் வருகிறதே என்று தோன்றும். ஆனால் கூடுதல் நேரம் உழைத்தால் பல ஒப்பந்தங்களில் கிடைப்பது 25 டாலரின் ஒன்றரை மடங்கான 37.50 டாலர்தான். நாற்பது மணியைத் தாண்டி, கால் கடுக்க நின்று பார்க்கும் வேலைக்குச் சாதாரண மணியைவிடக் குறைந்த கூலி! வேலை நேரம் குறைந்தால் படியையும் குறைக்கும் நிறுவனங்கள், அந்தப் படியையும் ஊதியமாகவே கருதி மிகைநேரக் கூலியைக் கணக்கிட வேண்டும் என்று 2021-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஒப்பந்த வாசகங்கள் பல மாறியிருக்கின்றன. உன் ஒப்பந்தத்தில் மிகைநேரத்துக்கு என்ன விகிதம் என்பதை எண்ணாகவே எழுதித் தரச் சொல். மணிக்கூலி குறைவாக இருப்பதால் வேறொரு பாதிப்பும் உண்டு: வீட்டுக்கடன் கேட்கும்போதும், ஓய்வுக்காலச் சமூகப் பாதுகாப்புத் தொகை கணக்கிடப்படும்போதும், வரி கட்டிய அந்தச் சிறிய தொகைதான் உன் வருமானமாகத் தெரியும்.

படிக்கு வரி இல்லை என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. உனக்கு வரிக்கணக்கில் ஒரு ‘வீடு’ இருக்க வேண்டும். அங்கே செலவு செய்துகொண்டே வேலைக்காக வெளியூரிலும் செலவு செய்பவளாக நீ இருக்க வேண்டும். ஹூஸ்டன் வீட்டு வாடகை தொடர்ந்து ஓடுவதால் உனக்கு இதில் சிக்கல் இருக்காது. ஆனால் வீட்டைக் காலி செய்துவிட்டு, அண்ணன் வீட்டில் இரண்டு பெட்டியை வைத்துவிட்டு அதையே நிரந்தர முகவரியாகக் காட்டினால் வருமான வரித்துறை ஏற்காது. அப்போது படி முழுவதும் வரிக்குள் வந்துவிடும். ஐம்பது மைலுக்கு அப்பால் போனாலே படி வாங்கலாம் என்று ஓய்வறையில் யாராவது சொல்வார்கள். அப்படி ஒரு விதி வரிச் சட்டத்தில் கிடையாது. ஒரே பகுதியில் ஓராண்டுக்கு மேல் வேலை நீடிக்கும் என்று தெரிந்துவிட்டால், அன்றோடு அந்த வேலை ‘தற்காலிகம்’ என்ற தகுதியை இழந்துவிடும். கலிபோர்னியாவில் சம்பாதித்ததற்கு அந்த மாநிலத்திலும் வரிக்கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். டெக்சஸில் மாநில வருமான வரியே இல்லாமல் பழகிய உனக்கு அது கொஞ்சம் கசக்கும்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடிப் படிப்பது உத்தரவாத மணி நேரத்தைத்தான். நோயாளிகள் குறைந்த நாளில் ‘இன்று வர வேண்டாம்’ என்று முதலில் சொல்லப்படுவது டிராவல் நர்ஸுக்கு. அப்படி ஒரு ஷிப்ட் போனால் மணிக்கூலியோடு படியும் விகிதப்படி கழியும், வாடகையோ கழியாது. வாரத்துக்கு எத்தனை ஷிப்ட் வரை அவர்கள் ரத்து செய்யலாம், ஒப்பந்தத்தையே நடுவில் முறித்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்தெந்தப் பிரிவுகளுக்கு உன்னை மாற்றி அனுப்பலாம் என்பவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ரெக்ரூட்டர் போனில் சொன்னது காற்றோடு போய்விடும். இரண்டு ஒப்பந்தங்களுக்கு இடையே மருத்துவக் காப்பீடு அறுந்துபோகும் நிறுவனங்களும் உண்டு. உன் வீட்டுக்காரரின் காப்பீட்டில் நீயும் சேர்ந்துகொள்வதே உத்தமம்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். நிரந்தரச் செவிலியருக்கு வாரக்கணக்கில் கொடுக்கும் அறிமுகப் பயிற்சி நமக்கு ஒன்றிரண்டு ஷிப்டுகளோடு முடிந்துவிடும். ஒரு மருத்துவமனையில் என் முதல் இரவில், அடையாள அட்டை மருந்து அலமாரியைத் திறக்கவில்லை. கணினியில் எனக்கு மருந்துப் பட்டியல் தெரிந்தது, ஆனால் கொடுத்ததாகப் பதிவிட அனுமதி வரவில்லை. நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து 2.9 என்று ஆய்வகத்திலிருந்து அழைத்துச் சொல்கிறார்கள். இரவு மருத்துவரை எந்த எண்ணில் பிடிப்பது என்பது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எந்த மருத்துவமனைக்குப் போனாலும், நோயாளிகளைப் பொறுப்பேற்பதற்கு முன்பே அவசர மருந்துகளும் கருவிகளும் உள்ள வண்டி எங்கே, இரவில் யாரை எந்த எண்ணில் அழைப்பது, ரத்தம் வரவழைக்கும் முறை என்ன என்ற மூன்றையும் பொறுப்புச் செவிலியரிடம் கேட்டு ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. கலிபோர்னியாவில் ஒரு நிம்மதி உண்டு. 1999-இல் இயற்றி 2004-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் செவிலியர், நோயாளி விகிதம் அங்கே கட்டாயம். தீவிரச் சிகிச்சைக்கும் பொதுப் பிரிவுக்கும் இடைப்பட்ட உன்னுடைய ஸ்டெப் டவுன் பிரிவில் ஒருவருக்கு மூன்று நோயாளிகளுக்கு மேல் தரக் கூடாது. அந்தச் சட்டம் இல்லாத இடங்களில், அதிகக் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகள் யார் தலையில் விழுவார்கள் என்பதை நீயே ஊகித்துக்கொள்.

இனி படிப்பு. ‘பேமிலி’ பிரிவை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய், எல்லோரும் அதையே எடுக்கிறார்கள் என்ற காரணத்துக்காக. அது கிளினிக்கில் குழந்தை முதல் முதியவர் வரை பார்க்கும் ஆரம்பநிலை மருத்துவத்துக்கான பயிற்சி. நீ விரும்புவதோ மருத்துவமனையில் தீவிர நோயாளிகளைப் பார்ப்பது. அதற்கு உரியது ‘அடல்ட் ஜெரன்டாலஜி அக்யூட் கேர்’ பிரிவு. பேமிலி சான்றிதழோடு தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தவர்கள், பின்னர் நிர்வாகம் விதியை இறுக்கியபோது மறுபடியும் சான்றிதழ்ப் படிப்புக்குப் போக நேர்ந்திருக்கிறது. ஆனால் மருத்துவர்கள் பற்றாக்குறையான பகுதிக் கிளினிக்கில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தால் தேசிய சுகாதாரச் சேவைப் படை படிப்புக் கடனில் ஒரு பகுதியை அடைத்துத் தரும் திட்டம் பேமிலி பிரிவுக்கு உண்டு, அக்யூட் கேர் பிரிவுக்குக் கிடையாது. பணத்தையும் விருப்பத்தையும் சேர்த்து நிறுத்துப் பார்.

மாநிலம் முக்கியம் என்றேன் அல்லவா? 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா போர்டும் ஹென்றி சில்வரும் இந்தப் பயிற்சியைத் தொடங்கியபோது, மருத்துவர் எட்டாத குழந்தைகளுக்கும் சிகிச்சை சேர வேண்டும் என்பதே நோக்கம். இத்தனை ஆண்டுகள் கழித்தும், அதே படிப்பைப் படித்தவருக்கு எல்லைக் கோட்டைத் தாண்டினால் அதிகாரம் மாறிவிடுகிறது. அரிசோனாவில் நான் மருத்துவருடன் ஒப்பந்தம் இல்லாமலே நோயறிந்து மருந்து எழுதுகிறேன். டெக்சஸில் மருந்து எழுத மருத்துவருடன் ஒப்பந்தம் வேண்டும். கடும் கட்டுப்பாட்டில் உள்ள இரண்டாம் பட்டியல் மருந்துகளை மருத்துவமனை, இறுதிக்காலப் பராமரிப்பான ஹாஸ்பிஸ் போன்ற சில சூழல்களில் மட்டுமே எழுதலாம். கலிபோர்னியாவில் 2020-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, மூன்று ஆண்டுகள் அல்லது 4,600 மணி நேர அனுபவத்துக்குப் பிறகு மேற்பார்வை தளர்கிறது. செவிலியருக்கு இருப்பதுபோல் நமக்கும் ஒரு காம்பாக்ட் வருகிறதே என்று நம்பிக் காத்திராதே. ஏழு மாநிலங்கள் சட்டம் இயற்றினால்தான் அது உயிர்பெறும்.

உண்மையான முட்டுக்கட்டை கிளினிக்கல் பயிற்சிதான். 2022-இல் புதுப்பிக்கப்பட்ட தேசிய அளவுகோல், நோயாளிகளிடம் நேரடியாக 750 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. முன்பு இது 500 ஆக இருந்தது. இணையவழிக் கல்லூரிகள் பலவற்றில் பிரிசெப்டரைத் தேடுவது மாணவியின் பொறுப்பு. நீ ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் சம்மதித்தாலும், கல்லூரிக்கும் அந்தக் கிளினிக்குக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாக மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் உன் பதின்மூன்று வாரம் முடிந்து, நீ வேறு ஊரில் இருப்பாய். அந்த மாநிலத்தில் பயிற்சி அளிக்கக் கல்லூரிக்கு அனுமதி இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. பிரிசெப்டர் தேடித் தருகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் இடைத்தரகர்களும் முளைத்திருக்கிறார்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, பயிற்சி இடத்தை நீங்களே தருவீர்களா என்று நேருக்கு நேர் கேள். வார்த்தையை மென்று விழுங்கினால் அடுத்த கல்லூரிக்குப் போ.

விண்ணப்பத்துக்கு மேலாளரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பதின்மூன்று வாரம் பார்த்த மேலாளர் உன் பெயரைச் சரியாக எழுதினாலே பெரிது. ஆகவே ஹூஸ்டனில் இருக்கும்போதே, உன்னைப் பல ஆண்டுகள் அறிந்தவர்களிடம் பேசிவை. நம் நான்காண்டு பி.எஸ்சி. பட்டத்தை மதிப்பீடு செய்து அனுப்பும் வேலையையும் இப்போதே தொடங்கு.

கடன் விஷயத்திலும் நிலைமை மாறியிருக்கிறது. 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை முதல் புதிதாகப் பட்டமேற்படிப்பில் சேருவோருக்குக் கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. பொதுவான பட்டமேற்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தத்தில் ஒரு லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். நிரந்தர வேலையில் இருந்தால், நிறுவனம் தரும் படிப்புதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி இல்லாமல் பெறலாம். டிராவல் வேலைக்குப் போனதும் பெரும்பாலும் அதை இழப்பாய். படியாக வரும் பணத்திலிருந்து இந்த இழப்பையும் கழித்துப் பார்த்தால்தான் சேமிப்பின் உண்மையான உருவம் தெரியும்.

நான் உன் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். கலிபோர்னியா உரிமத்துக்கு இப்போதே விண்ணப்பித்துவிட்டு, அது வரும்வரை ஹூஸ்டன் வேலையிலேயே இருந்து, நிறுவனத்தின் உதவியோடு புள்ளியியல் போன்ற முன்தேவைப் பாடங்களை முடிப்பேன். பிறகு ஓராண்டுக்குள் சில ஒப்பந்தங்கள். அந்தக் காலத்தில் நோய்க்கூறியல், மருந்தியல் பாடங்களை ஒவ்வொன்றாக எடுப்பேன், இரண்டையும் ஒரே பருவத்தில் எடுக்க மாட்டேன். பயிற்சி தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே, உரிமம் பெறப்போகும் மாநிலத்துக்கு வந்து, பகுதிநேர வேலையில் அமர்ந்துவிடுவேன். அது டெக்சஸா அரிசோனாவா என்பதை நீயும் வீட்டுக்காரரும் பேசி முடிவெடுங்கள்.

ரெக்ரூட்டர் ஒப்பந்தம் அனுப்பினால், கையெழுத்திடுவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. ரத்து விதியும் மிகைநேர விகிதமும் இருக்கும் பக்கங்களைக் குறிப்பாகப் பார்த்துச் சொல்கிறேன். இந்த மாதம் ஞாயிறுகளில் எனக்கு விடுமுறை, மாலையில் அழை.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி