தடைக்காலம் முடியுமுன் அந்தப் பெட்டியைப் பாருங்கள்

மீனவர் கடல் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எஞ்சின் நின்று எங்கள் படகு இரண்டு ராத்திரி நீரோட்டத்தில் போன கதை உங்கள் மேசையில் மனுவாக இருக்கிறது. மனுவில் எழுதாததை இங்கே சொல்கிறேன்.

செல்போன் டவர் எட்டாத தூரம். வாக்கிடாக்கியில் கூப்பிட்டால் பதில் சொல்லப் பக்கத்தில் படகு இல்லை. வீல்ஹவுஸ் மேலே, அரசு கொடுத்த டிரான்ஸ்பாண்டர் மட்டும் இருந்தது; செயற்கைக்கோள் வழியாகச் சேதி அனுப்பும் பெட்டி அது. என் வீட்டுக்காரர் போனை அதோடு இணைக்கப் பார்த்துப் பார்த்து, சார்ஜ் நாலு சதவீதம் ஆனதும் அணைத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டாராம். பெட்டியில் விளக்கு எரிந்தால்தானே! அது அணைந்து ஐந்து மாதம். கரையில் நான் போன் போடும்போதெல்லாம் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று ஒரு பெண் குரல். கடைசியில் அந்தப் பெண்ணையே திட்டிவிட்டேன். மூன்றாம் நாள் வேறொரு படகு பார்த்து, கயிறு கட்டி இழுத்து வந்தது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் கரையில்தான் கிடக்கின்றன. அதற்குள் ஒவ்வொரு படகிலும் ஏறி, அவசரச் செய்தி போய்ப் பதில் வருகிறதா என்று எங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டுங்கள்.

ஒரு லட்சம் படகுகளுக்கு இந்தக் கருவி என்று 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் பால்கரில் தொடங்கி வைத்ததை டிவியில் பார்த்தோம். 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளுக்குச் சேதி போக வழி கண்டவர்களுக்கு, காசிமேட்டில் ஒரு ஒயரைப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் மலையேறப் போகிறவர் 2022 நவம்பரிலிருந்தே ஐபோன் 14-ஐ வானத்துக்குக் காட்டி, டவர் இல்லாமலே செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கிறார். நாமே ஒன்று வாங்கலாமென்றால், அனுமதியில்லாமல் துராயா, இரிடியம் என்ற செயற்கைக்கோள் போன் வைத்திருந்தால் கேஸ். 2008-இல் மும்பையைத் தாக்கக் கடல்வழி வந்தவர்கள் கையில் துராயா இருந்ததும் தெரியும். சட்டத்தைக் குறை சொல்லவில்லை. சொந்தமாகவும் வைக்கக் கூடாது, கொடுத்ததும் எரியாது என்றால் கடலில் நாங்கள் யாரைக் கூப்பிடுவது? கடலம்மாவையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். தடைக்காலத்துக்குள் சோதித்துத் தாருங்கள், தயவுசெய்து. வருவதற்கு ஒரு நாள் முன்னால் சொல்லியனுப்பினால் போதும். பேட்டரியை சார்ஜ் போட்டு, ஏணி சாத்தி வைக்கிறோம்.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஒரு படகுக்காரர் மனைவி