161க்கு 121

ஆசிரியருக்கு வணக்கம்.

மகளிர் சிறப்பிதழில் எந்த நாட்டில் எப்போது பெண்களுக்கு வாக்குரிமை வந்தது என்று போட்டிருந்த பட்டியலில், 'ஸ்பெயின், 1931: புதிய குடியரசு வழங்கியது' என்று ஒரு வரி. அந்த 'வழங்கியது' உறுத்துகிறது.

கிளாரா கம்போவாமோர் என்ற வக்கீல் வாதாடி வாங்கியது அது. 1888இல் மாட்ரிட்டில் பிறந்தவர். சிறு வயதில் தந்தை இறந்துவிட, தையல் வேலை, பிறகு தபால் தந்தி அலுவலகம் என்று பிழைத்து, 36 வயதில் சட்டப் பட்டம் பெற்றார். 1931 தேர்தலில் ஸ்பெயின் பெண்கள் போட்டியிடலாம். ஓட்டுத்தான் போட முடியாது! அப்படி நாடாளுமன்றத்துக்குள் போன இரண்டு பெண்களில் இவர் ஒருவர். இன்னொருவர் விக்டோரியா கென்ட், அவரும் வக்கீல்.

அக்டோபர் 1 அன்று நடந்த பெண்கள் வாக்குரிமை விவாதத்தில் 'இப்போது வேண்டாம்' என்று எழுந்தவர் அந்தக் கென்ட்தான். பெண்கள் பாதிரியார் கைகாட்டும் பக்கம் ஓட்டுப் போட்டுவிடுவார்கள், குடியரசு கொஞ்சம் வேர் பிடிக்கட்டும் என்பது அவர் வாதம். பேசியவர் பழமைவாதியும் அல்லர். சிறைத்துறைத் தலைவராக இருந்து கைதிகளின் விலங்குகளை அகற்றியவர். எதிராளி இப்படிப்பட்டவராக இருக்கும்போது வாதாடுவது எவ்வளவு கடினம்! கம்போவாமோரின் சொந்தக் கட்சிக்காரர்களே பெரும்பாலும் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆனாலும் 161க்கு 121 என்று வென்றார். டிசம்பரில் மறுபடி தள்ளிப்போடப் பார்த்தார்கள். நான்கே வாக்கில் தப்பித்தது.

1933 பொதுத்தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள், வலதுசாரிகள் ஜெயித்தார்கள். பழி இவர் தலையில் விழுந்தது. இடதுசாரிகள் பிரிந்து நின்று தோற்றதை யார் பேசினார்கள்? கம்போவாமோர், கென்ட் இருவருமே பதவி இழந்தார்கள். 1936இல் அதே பெண்கள் வாக்களிக்க, இடதுசாரிக் கூட்டணி வென்றது; அப்போது இவருக்கு நன்றி சொல்ல ஆளில்லை. தன் போராட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு 'என் சாவான பாவம்' என்று தலைப்பு வைத்தார். ஆன்மாவையே சாகடிக்கும் பெரும் பாவம் என்று பொருள்; நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

உள்நாட்டுப் போரில் நாட்டைவிட்டுப் போனவர், அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ், சுவிட்சர்லாந்தின் லொசான் என்று வாழ்ந்து 1972இல் இறந்தார். அந்தப் போரில் வென்ற சர்வாதிகாரி பிராங்கோ அப்போதும் ஆட்சியில் இருந்தார். இன்று மாட்ரிட்டின் சமார்த்தின் ரயில் நிலையத்துக்கு இவர் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள்.

அடுத்த முறை அந்தப் பட்டியலைப் போடும்போது 'வழங்கியது' என்பதை மட்டுமாவது திருத்திவிடுங்கள்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்