ஏற்காட்டுப் பாதையில் உதவிய அண்ணனுக்கு

ஆபீஸ் வருஷக் கடைசிக் கொண்டாட்டத்துக்கு 22 பேரை ஏற்காடு கூட்டிப்போகும் பொறுப்பு என்னுடையது. கேக், சாப்பாடு, பரிசு எல்லாம் பட்டியலில் இருந்தது. 20 கொண்டை ஊசி வளைவுதான் இல்லை. பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து வேன் நின்றது. கூட வந்த நாலு இன்ஜினியர்களும் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள்.

உர மூட்டையோடு வந்த ஜீப்பை ஓரங்கட்டி இறங்கினீர்கள். "மூடியத் தொடாத கண்ணு, மூஞ்சில அடிக்கும்." அரை மணி நேரம் ஆறவிட்டு, ஈரச் சாக்கை மடித்துப் பிடித்துத் திருகி, கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினீர்கள். வாந்தி எடுத்த பிள்ளைக்கு முகர ஒரு எலுமிச்சம்பழம். சாம்பார் அண்டாவை ஜீப்பில் ஏற்றி ஏரிக்கரை வரை கொண்டுவந்து இறக்கியதும் நீங்கள்தான்.

காசு வாங்கவில்லை. நாங்கள் கட்டிவந்த தட்டுவடை செட்டில் ஒன்றை நின்றபடியே தின்றுவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை நான். ரொம்ப நன்றிங்கண்ணா.