பாடத் தெரிந்த மொழியில் எழுதுவது

அன்புள்ள தங்கைக்கு,

விஜயவாடாத் தோழியின் தெலுங்குக் கடிதத்தை அகராதியைத் தொடாமல் வாசித்துவிட்டு, பதிலை மட்டும் ஆங்கிலத்தில் அனுப்பினாயாம். "எனக்குத் தெலுங்கே தெரியவில்லை" என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம். மனம் கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தெலுங்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார். நீ பாடும் கீர்த்தனைகளிலிருந்துதானே? திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜரின் (1767–1847) கீர்த்தனைகளில் பெரும்பாலானவை இராமனிடம் நேருக்கு நேர் பேசுபவை. வா, காப்பாற்று, ஏன் இரங்கவில்லை என்ற முன்னிலைப் பேச்சு உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் "நேற்று அத்தை வந்தாள், பஸ் தாமதமாக வந்தது" என்று எழுதப் படர்க்கை வினை வேண்டும். தமிழில் வந்தாள் வேறு, வந்தது வேறு. தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே வினைமுற்று. வாசிக்கும்போது இது உன்னைத் தடுப்பதேயில்லை. எழுவாயைப் பார்த்ததுமே பொருள் விளங்கிவிடுகிறது. எழுதும்போதோ விகுதியை நீயே தேட வேண்டும்.

எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். நம் பாட்டுப் புத்தகங்களில் தெலுங்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், தமிழ் எழுத்திலேயே இருக்கும். க, ச, ட, த, ப ஆகியவற்றின் பக்கத்தில் 2, 3, 4 என்று பொடி எண்கள் நிற்கும். அவற்றைப் பார்த்து ஒவ்வோர் ஒலியையும் பிசகாமல் பாடுகிறாய். வெறுந்தாளில் அந்த எண்ணை யார் போட்டுத் தருவார்கள்?

கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பல ஆண்டுகள் பிரெஞ்சு வழியில் படித்தார்கள். கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளை நெருங்கியவர்கள், பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கியே நின்றார்கள். சொந்தமாகச் சொல்ல முயலும்போதுதான் தன்னிடம் எது இல்லை என்று கற்பவருக்குத் தெரிகிறது என்ற கருத்தை மொழி கற்றலை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் அவர்களை வைத்தே முன்வைத்தார்.

ஆகவே இன்னும் பத்துக் கீர்த்தனை பாடமானால் எழுத வந்துவிடும் என்று நம்பாதே. வராது. பாட்டு உன் உயிர். அதைக் குறைக்கச் சொல்லவில்லை. கூடவே தோழிக்குத் தெலுங்கில் ஐந்து வரி எழுது. ஆற்றில் தண்ணீர் வந்ததா, வகுப்பில் என்ன நடந்தது, வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று எழுதினாலே படர்க்கை வினைகள் வரிசையாக வந்துவிடும். பிழைகளைத் திருத்தி அனுப்பச் சொல். திருத்தி வந்ததைக் கையால் மறுபடி எழுது. இதை மட்டும் சோம்பல்பட்டு விட்டுவிடாதே.

தியாகராஜ ஆராதனைக்கு அவளையும் திருவையாற்றுக்கு அழைத்தால் என்ன? முதல் கடிதத்தை அந்த அழைப்போடு தொடங்கு. அது முன்னிலைதான், உனக்குக் கை வந்தது.

அன்புடன்,
அக்கா